கேம்பரைக் குளிருக்கு மூடும் பதினேழு படிகள்

மரியதாஸ்: ...அப்ப நாலாம் இலக்கம். நல்ல தண்ணி டாங்க் வடிச்சாச்சோ?

திரேசா: வடிச்சாச்சு.

மரியதாஸ்: பைப் எல்லாம் திறந்து கிடக்கோ? ஒரு சொட்டு உள்ளுக்க நிண்டாலும் உறைஞ்சு வெடிச்சுப் போகும்.

திரேசா: திறந்துதான் கிடக்கு. நாலாம் இலக்கத்தை மூண்டு தரம் கேட்டுப்போட்டியள். நாங்கள் இந்தக் கேம்பர் வண்டியை மூடுறமோ, ரொக்கெட் விடுறமோ?

மரியதாஸ்: திரேசா, இது சுவிஸ். எல்லாத்துக்கும் ஒரு ஒழுங்கு இருக்கு. தமிழ்ச் சங்கக் கூட்டத்தில நான் சொன்னனான் தானே...

திரேசா: "ஒழுங்கே உயர்வு." ஓம். முன்வரிசையில இருந்து கேட்டனான். நித்திரை வராமலிருக்க மிக்சர் சாப்பிட்டுக்கொண்டு.

மரியதாஸ்: சனம் கைதட்டினது.

திரேசா: முடிச்சதுக்கு.

மரியதாஸ்: உமக்கு எல்லாம் பகிடி. பதினேழு படியும் நானே இருந்து எழுதினது. பிரிண்ட் எடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு...

திரேசா: தெரியும். வேலையில பெட்டிக்கு லேபல் ஒட்டி ஒட்டி, வீட்டில எனக்கும் ஒண்டு ஒட்டப் பாக்கிறியள். கெதியாச் சொல்லுங்கோ. நாலு மணிக்குப் பண்ணைக்காரன் கொட்டகையைப் பூட்டிப்போடுவான். பிறகு ஏப்ரல்தான்.

மரியதாஸ்: அதைத்தான் யோசிக்கிறன்... இதை இஞ்ச விடாமல் எங்கட வீட்டுக்குக் கீழயே நிப்பாட்டினா என்ன?

திரேசா: இதென்ன புதுக் கதை? பதினேழு படி எழுதினது ஆர்?

மரியதாஸ்: இல்லை... குளிருக்கயும் ஒரு சனிக்கிழமை இயற்கையைப் பாக்க வேணும் போல இருந்தா?

திரேசா: நீங்களோ? எங்கடின் மலைப்பக்கம் போய், குளவிக்குப் பயந்து மூண்டு நாளும் யன்னலைப் பூட்டிக்கொண்டு உள்ளுக்க இருந்தனீங்கள். மலையைப் பாத்தது நான். அதுவும் வெளியில நிண்டு மீன் பொரிச்சபடி.

மரியதாஸ்: அந்தப் பாரைத் துண்டு... ஆ! அந்த உயரத்தில, அந்தக் குளிருக்க...

திரேசா: அதைத்தான் நானும் கேக்கிறன். ஏப்ரலில இருந்து எங்கட மீன் பொரியல் எல்லாம் இந்த வண்டியிலதான். இதை இண்டைக்குப் பூட்டினா, இனி எங்க பொரிக்கிறது?

மரியதாஸ்: ...ஐஞ்சாம் இலக்கம். காஸ் சிலிண்டர்.

திரேசா: கழட்டியாச்சு. மீன்?

மரியதாஸ்: ஆறாம் இலக்கம். பிரிஜ் கதவு கொஞ்சம் திறந்து...

திரேசா: தடி குடுத்து வைச்சிருக்கிறன். மீன் எத்தினையாம் இலக்கம்?

மரியதாஸ்: குளிருக்க மீன் உடம்புக்குக் கூடாது. நத்தாருக்கு முந்தின திருவருகைக் காலமும் வருது. ஒரு ஒறுத்தல் மாதிரி வைச்சுக்கொள்ளுவம்.

திரேசா: ஒறுத்தல் எண்டா இறைச்சியை விட்டுட்டு மீன் தின்னுறதப்பா! மீனையே விட்ட வேதக்காரனை எந்தச் சாமியார் கண்டவர்?

மரியதாஸ்: சீஸ் சாப்பிடலாம். இந்த நாட்டுச் சாப்பாட்டையும் நாங்கள் மதிக்க வேணும்.

திரேசா: பக்கத்துச் சீற்றில ஆரும் சீஸ் விரிச்சா ரயிலில பெட்டி மாறுற ஆள் நீங்கள். சரி, பரவாயில்லை. வீட்டு அடுப்பிலயே பொரிக்கிறன்.

மரியதாஸ்: வீட்டில வேண்டாம்!

திரேசா: ஏன் கத்துறியள்?

மரியதாஸ்: கத்தேல்லை... சுவர். எண்ணெய் தெறிச்சா பெயின்ற் பழுதாப் போகும்.

திரேசா: ஓகோ. சுவர்.

மரியதாஸ்: ஏழாம் இலக்கம். குசன் எல்லாத்தையும் நிமித்தி வைக்கிறது, காத்துப் போக. அதை நான் செய்யிறன். நீர் இறங்கி டயரைப் பாரும்.

திரேசா: உங்களுக்கு இடுப்பில நாரிப் பிடிப்பு. நான் தூக்கிறன்.

மரியதாஸ்: பின் சீற்றை விடும். திரேசா, கையை எடும்! அது...

திரேசா: ஐயையோ! புழுக்கை. எலி வந்திருக்கு.

மரியதாஸ்: எலியோ? வராதே! எல்லா ஓட்டையும் அடைச்சனானே. மூண்டாம் இலக்கம்!

திரேசா: எலி உங்கட லிஸ்டை வாசிக்கேல்லைப் போல. இதென்ன, சீற்றுக்குக் கீழ இவ்வளவு பேப்பர்? இன்சூரன்ஸ்... டயர்க் கடை... இதுகளைத் தொடக்கூட இல்லை. இந்த ஒரு என்வலப்பை மட்டும் அரிச்சிருக்கு. அதுவும் ஒட்டின வாயை மட்டும்.

மரியதாஸ்: அதை இஞ்ச தாரும்.

திரேசா: ஓரத்தைக் கத்தியால கீறித் திறந்திருக்கு. உங்கட ஸ்டைல், வேலையில பெட்டி வெட்டுற மாதிரி.

மரியதாஸ்: அதுவும் இன்சூரன்ஸ் தான்.

திரேசா: வாடகை வீட்டு நிர்வாகம் எண்டு மேல போட்டிருக்கு. முதியோர் இல்லத்தில ஆக்களுக்குக் கடிதம் வாசிச்சுக் காட்டுறவள் நான். நீங்கள் வாசிக்கிறியளோ, நான் வாசிக்கட்டோ?

மரியதாஸ்: எட்டாம் இலக்கம்... டயர்...

திரேசா: எங்க போச்சு பேச்சாளர்?

மரியதாஸ்: மார்ச்சில வந்தது. சனிக்கிழமையில எங்கட குசினியில இருந்து... படிக்கட்டு முழுக்க... தாங்கேலாத நாத்தமாம். இன்னொரு முறைப்பாடு வந்தா வீட்டை விட வேணுமாம்.

திரேசா: நாத்தம் எண்டே எழுதியிருக்கு?

மரியதாஸ்: ஓம். உம்மட பொரியலை. நான் அதைப் போய் உமக்கு எப்பிடி வாசிச்சுக் காட்டுறது? குசினியில பாட்டுப் படிச்சுக்கொண்டு மீனுக்குத் தூள் பிரட்டிக்கொண்டு நிக்கிறீர். வாய் வரேல்லை.

திரேசா: அதுக்கோ கேம்பர்?

மரியதாஸ்: வேற என்ன செய்யிறது? இயற்கை எண்டு சொல்லி வாங்கினன்.

திரேசா: அதையும் சங்கத்தில பேசிக் கைதட்டு வாங்கினியள்.

மரியதாஸ்: திரேசா, எனக்கு இயற்கை கண்ணிலயும் காட்டேலாது. பூச்சி, ஈரம்... அந்தக் கக்கூஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஊத்துறது... யேசுவே!

திரேசா: கடிதத்தைக் கிழிச்செறிஞ்சிருக்கலாம் தானே?

மரியதாஸ்: உத்தியோகபூர்வக் கடிதம் பத்து வருசம் வைச்சிருக்க வேணும்.

திரேசா: ஒழுங்கு.

மரியதாஸ்: ஒழுங்குதான். ...கோவமோ? என்னவாலும் சொல்லும். அழுறீரோ?

திரேசா: சிரிக்கிறன். எனக்கும் இந்த வண்டி பிடிக்காது. ஏறி இறங்கி முழங்கால் ரெண்டும் போச்சு. படுத்தா கால் பிரிஜ்ஜில முட்டுது.

மரியதாஸ்: பின்னை ஏன் வியாழக்கிழமையே "இந்தச் சனிக்கு எங்க போறம்" எண்டு துள்ளினனீர்?

திரேசா: நேரம் போகுது. குசனை நிமித்துங்கோ.

மரியதாஸ்: இப்ப மீனுக்கு என்ன செய்யிறது?

திரேசா: அது ஒழுங்கு பண்ணியாச்சு. பண்ணைக்காரனின்ர மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால பொரிக்கலாம். கேட்டனான். "எங்கட மாடு கடிதம் எழுதாது" எண்டு சிரிச்சவன்.

மரியதாஸ்: எப்ப கேட்டனீர்?

திரேசா: செப்டம்பரில. இடம் பேச வந்த அண்டைக்கு. ரெண்டு மீன் கட்லட்டும் குடுத்தனான்.

மரியதாஸ்: பொறும். செப்டம்பரிலயோ? கடிதத்தை நீர் இப்பதானே காணுறீர்... திரேசா? மாடு கடிதம் எழுதாது எண்டு அவன் ஏன் சொன்னவன்?

திரேசா: அந்த என்வலப்பைத் திருப்பிப் பாருங்கோ. மற்றப் பேப்பர் ஒண்டையும் தொடாத எலி, ஏன் இதின்ர வாயை மட்டும் திண்டது?

மரியதாஸ்: சுவிஸ் பசை... நல்ல தரமான பசையாக்கும்.

திரேசா: தபாலில வந்த அண்டைக்கே கேத்தில் ஆவியில பிடிச்சுத் திறந்திட்டன். கலியாண வீடு, செத்த வீடு எல்லாத்திலயும் "முப்பது வருசம், எங்களைப் பற்றி ஒரு முறைப்பாடு இல்லை" எண்டு நெஞ்சை நிமித்திக்கொண்டு திரியிற மனிசனிட்ட அதை நான் எப்பிடி நீட்டுறது? நீங்களாவே வந்து சொல்லட்டுமெண்டு ஒட்டித் திருப்பித் தபால் பெட்டிக்க போட்டனான். நீங்கள் வாசிச்சுப்போட்டு மேல வந்து, "திரேசா, எனக்கு இயற்கை வேணும்" எண்டனீங்கள். சரியெண்டன். அண்டைக்கு வீட்டில பசை இருக்கேல்லையப்பா, சோத்துப் பருக்கை வைச்சுத்தான் ஒட்டினனான். எலிக்கு விளங்கினது உங்களுக்கு விளங்கேல்லை.