நண்டு வாடியில் இரண்டு முறை கேட்ட ‘வாறன்’

எனது பெயர் சின்னையா முத்துக்குமாரு. வயது எழுபத்தாறு. வதிவிடம் தொண்டைமானாறு. எழுத வாசிக்கத் தெரியாது. அங்கே நண்டு அவித்துச் சதை எடுக்கும் கொட்டகையான நண்டு வாடியில் மேசை கழுவுகிறேன்.

வாடியில் நண்டு அவிப்பவர் சிவரூபன். அதை ஆறவிட்டுச் சதை எடுப்பவர்கள் உதயகலாவும் வேறு நான்கு பெண்களும். ஆறவிடும் மேசை ஒன்றுதான். முன்பெல்லாம் அவித்த கூடைகள் அதன் முன்னால் தேங்கிச் சதை பழுதாகும். தை மாதம் மேலாளர் நிவேதனா மணிக்கூடு பிடித்துப் பார்த்து, அவிக்க எட்டு நிமிடம், மேசை வெறுமையாகப் பன்னிரண்டு நிமிடம் என்று கண்டு, அதன் பிறகு எல்லாருக்கும் ஒரே ஒழுங்கு வைத்தார். மேசைக்கு இடம் வரும் கணக்கில்தான் அடுத்த கூடை அவியும். நான் மேசையைக் கழுவுவேன். சிவரூபன் ‘வாறன்’ என்று சத்தமிடுவார். பெண்கள் மேசையிலிருந்து கையை எடுத்துப் பின்னே நிற்பார்கள். கூடை கவிழும். நீராவியில் முகம் தெரியாதபடியால் அந்தச் சத்தம். அதன் பிறகு ஒரு கூடையும் தேங்கவில்லை.

கடந்த வெள்ளிக்கிழமை காலை சிவரூபன் உதயகலாவிடம், “உன்ரை மேசை வெறுமையாகிறதுக்குள்ளை கடல் வத்திப்போம்” என்றார். “அப்ப நீ போய்க் கடலைக் காவல் பாரன்” என்றாள் உதயகலா. எல்லாரும் சிரித்தோம். அதன் பிறகு இருவரும் கதைக்கவில்லை.

மூன்று மணிக்குச் சன்னிதிக் கோயில் பூசைக்குப் போக நான் புறப்பட்டேன். வெயில் நீராவிக்குள் இறங்கி எல்லாம் பால் நிறமாக இருந்தது. ஆட்கள் கால் இல்லாதவர்கள் போல மிதந்தார்கள். எல்லாக் குரலும் ஒரே குரலாகக் கேட்டது. ‘போறன்’ என்று சொல்லிப் புறப்பட எங்கள் வாய்க்கு வராது. “வாறன் பிள்ளையள்” என்றேன். பெண்கள் பின்னே நின்றார்கள். கூடை வரவில்லை. “அப்பு, உங்கடை வாறனுக்கு நண்டும் இல்லை, கூடையும் இல்லை” என்று உதயகலா சிரித்தாள்.

அதன் பிறகு நான் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கையில் மறுபடி ‘வாறன்’ கேட்டது. “ஓம் அப்பு, போயிட்டு வாங்கோ” என்று அவள் மேசை மூலையைத் துடைத்தபடியே சொன்னாள். அதன் பிறகு கூடை கவிழ்ந்து கொதிநீர் அவளுடைய இரண்டு கையிலும் விழுந்தது.

சிவரூபன் சத்தமிடாமல் கோபத்தில் கவிழ்த்தார் என்று அவளுடைய தமையன் பொலிசில் முறைப்பாடு செய்திருப்பதாக ஐயா சொன்னீர்கள். இரண்டாம் முறை நான் வாய் திறக்கவில்லை. ஒருவரும் சொல்லாத சொல்லுக்கு அவள் மறுமொழி சொல்லியிருக்க மாட்டாள். சிவரூபன் சத்தமிட்டார். வேலைக்கென்று வைத்த சொல்லைக் கோயிலுக்குப் போக எடுத்தவன் நான்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். சொன்னது சொன்னபடியே இருக்கிறது, கூட்டவும் குறைக்கவும் ஒன்றுமில்லை. கையெழுத்து வராதபடியால் இடது பெருவிரலை வைக்கிறேன்.