என்னைப் பார்த்துப் பழகியவர்

இருக்கட்டும் மேடம், டீ ஆறட்டும். சூடாகக் குடித்தால் எனக்கு நெஞ்சு கரிக்கும். என் சகலைக்கு அந்தத் தொந்தரவு கிடையாது. இருந்தாலும் என்னைப் பார்த்து அவரும் ஆறவைத்துத்தான் குடிப்பார். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். எங்கள் புத்தக பைண்டிங் பட்டறைக்கு அவரைக் கூட்டி வந்ததே நான்தான்.

அவருக்கு எதையும் வாயால் சொன்னால் ஏறாது. செய்து காட்டினால் அப்படியே பிடித்துக்கொள்வார். காகிதக் கட்டைத் தட்டிச் சீராக்குவது, பென்சிலைக் காதில் செருகுவது, என் நடை, என் தும்மல்கூட. ஆறே மாதத்தில் முதலாளி என்னிடம் சொன்னார்: “உங்க சகலை உங்க மாதிரியே வெட்டுறாரு. என்ன, உங்களைவிடக் கொஞ்சம் நல்லா வெட்டுறாரு.”

பொறுத்துக்கொண்டேன். “சித்தப்பா அப்பா மாதிரியே நடக்கிறாரு, ஆனா அவருக்கு அது நல்லாருக்கு” என்று என் மகள் சொன்னபோதும் சிரித்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னுடைய பல் டாக்டர் ஜோக்கை அவர் சொன்னார். ஒன்பது வருடமாக அதற்கு “சரி, சாப்பிடுங்க” என்று மட்டும் சொல்லிவந்தவள் என் மனைவி. அதே வார்த்தைகள், நான் நிறுத்தும் அதே இடத்தில் அதே நிறுத்தம். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, “ஐயோ போதும், முடியல” என்றாள்.

எங்கள் வெட்டும் மெஷினில் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால்தான் கத்தி இறங்கும். கை உள்ளே போய்விடக் கூடாதென்று அப்படி. மறுநாள் நான் இடது பட்டன் அமுங்கியே இருக்கும்படி ஓர் அட்டைத் துண்டைச் செருகினேன். வலது கை அமுக்கியது. இடது கை கத்திக்கடியில் காகிதத்தை நேராக்கிவிட்டு வெளியே வந்தது. என் மெஷின் கிழம். ஒரு பெருமூச்சு விட்டுத்தான் இறங்கும். அவருடையது போன மாதம் வந்தது, அது யோசிக்காது.

அவர் கண்ணில் படும்படி சற்றுத் திரும்பி நின்று, பதினோரு நாள் அப்படியே வெட்டினேன். “சகலை, அட்டை எதுக்கு?” என்று ஒருமுறை கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. நீங்கள் எஃப்.ஐ.ஆரில் ‘தூண்டினார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். வாயே திறக்காதவன் எப்படித் தூண்டுவான்? பன்னிரண்டாம் நாள் காலை அவர் தன் மெஷினுக்கு அட்டைத் துண்டு தேடினார். நான் ஒன்றை அளவாக மடித்துக் கையில் கொடுத்தேன். அவ்வளவுதான். நான்கு விரல் போயிற்று.

எனக்கு அவர்மேல் கோபமில்லை. ஒற்றைக் கையால் சட்டை மாட்ட வரவில்லையாம், ஆஸ்பத்திரியில் வாயால் சொல்லிக்கொடுக்கிறார்களாம். எப்படி வரும்? நான் இன்று காலை இந்த அறையிலேயே ஒற்றைக் கையால் மாட்டிப் பழகிவிட்டேன். எதிரே உட்கார்ந்து ஒரே ஒருமுறை செய்து காட்டினால் போதும். ஓர் அரைமணி நேரம் என்னை அவரிடம் கூட்டிப் போவீர்களா, மேடம்?