புனிதர் தொட்ட கால்

கெரானா: ...வெட்கப்படாம சாக்ஸைக் கழட்டுடா. ஊரே பார்த்த கால்தானே!

ஸ்டமாட்: கழட்டுறேன்க்கா. நீ கொஞ்சம் வெளிய உட்காரக்கூடாதா?

கெரானா: உட்காரலாம். ஆனா உன் பெண்டாட்டி என்ன சொல்லி அனுப்பினா? "டாக்டர் சொல்றதுல பாதிய இவரு முழுங்கிடுவாரு, பக்கத்து வீட்டு அக்கா நீங்க கூடப் போய்க் காதால கேட்டுட்டு வாங்க"ன்னா. நான் வாக்குக் குடுத்துட்டேன்.

டாக்டர் வெசெலா: பரவாயில்ல ஐயா, அவங்க அந்த ஸ்டூல்ல இருக்கட்டும். நீங்க படுங்க. சர்க்கரை எத்தனை வருஷமா?

ஸ்டமாட்: ஒரு... பத்து வருஷம்.

கெரானா: பதினாலு. தேனீ வளர்க்கிறவன், டாக்டரம்மா. பெட்டிக்குள்ள விட்ட விரல் நேரா வாய்க்குத்தான் போகும்.

டாக்டர் வெசெலா: கால்ல என்ன செய்யுது?

ஸ்டமாட்: படுத்தா எறும்பு ஊர்ற மாதிரி. அவ்வளவுதான். இதுக்குப் போய் புர்காஸ் பெரியாஸ்பத்திரி வரைக்கும் பஸ் ஏத்திட்டாங்க.

டாக்டர் வெசெலா: சரி, கொஞ்சம் ஜெல் தடவறேன்...

ஸ்டமாட்: ஐயோ! என்னம்மா இது, ஐஸா?

கெரானா: ஏண்டா... தணல் சுடாத காலுக்கு இது மட்டும் குளிருதா?

ஸ்டமாட்: அது... திடீர்னு தடவினாங்கல்ல.

டாக்டர் வெசெலா: தணலா? எந்தத் தணல்?

கெரானா: நீங்க எந்தப் பக்கம்?

டாக்டர் வெசெலா: வடக்கு. பிளெவென்.

கெரானா: அதான் தெரியல. ஜூன் மாசம் எங்க ஊர்ல கான்ஸ்தந்தீன் புனிதர் திருநாள். மேளமும் தோல்பைக் குழலும் முழங்க, அவர் படத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு வெறுங்காலோட தணல்மேல ஆடணும். யார் வேணா இறங்கிட முடியாது, அவரா கூப்பிடணும். நான் முப்பது வருஷமா ஆடுறேன். எங்க அம்மா, அவங்க அம்மா, எல்லாரும் ஆடினவங்க. இந்தப் பயலை போன வருஷம் கூப்பிட்டாராம்.

ஸ்டமாட்: அதென்ன "கூப்பிட்டாராம்"? கூப்பிட்டாரு!

கெரானா: சரி, கூப்பிட்டாரு. ஆடி முடிச்சு நேரா மைக்கைப் பிடிச்சான். "ஒண்ணுமே சுடல மக்களே"ன்னான். மேயர் கட்டிப்பிடிச்சு அழுதாரு. மறுநாளே தேன் பாட்டில்ல புது லேபிள்... "புனிதர் தொட்டவரின் தேன்".

ஸ்டமாட்: லேபிள் மருமகன் யோசனை.

டாக்டர் வெசெலா: நிஜமாவே ஒண்ணும் சுடலையா ஐயா?

ஸ்டமாட்: ம்ஹூம். பஞ்சு மேல நடந்த மாதிரி.

டாக்டர் வெசெலா: ம்...

கெரானா: என்ன "ம்"? பிள்ளைத்தாச்சிக்குப் பார்க்கிற மிஷின்தானே இது? ஆணா, பொண்ணா?

டாக்டர் வெசெலா: நரம்பும்மா. கணுக்கால் உள்பக்கமா ஓடுறது. ஐயா, திரையைப் பாருங்க. நல்ல நரம்பைக் குறுக்கால பார்த்தா தேனடை மாதிரி கண்ணு கண்ணாத் தெரியும்.

ஸ்டமாட்: தேனடையா? எங்க... அட, ஆமா! ஆனா இங்க உப்பிக் கிடக்கே. கண்ணெல்லாம் கலங்கலா இருக்கு.

டாக்டர் வெசெலா: அதுதான் விஷயம். சர்க்கரை செஞ்ச வேலை. நரம்பு வீங்கியிருக்கு.

ஸ்டமாட்: அப்ப... போச்சா?

டாக்டர் வெசெலா: வீக்கத்தை மிஷின் காட்டும். உணர்ச்சி எவ்வளவு மிச்சம்னு நீங்கதான் சொல்லணும். சூடு தெரிஞ்சிருந்தா இன்னும் ஆரம்பம்தான், சர்க்கரையை அடக்கினா இதோட நிறுத்தி வைக்கப் பார்க்கலாம். ஒண்ணுமே தெரியலைன்னா...

ஸ்டமாட்: தெரியலைன்னா?

டாக்டர் வெசெலா: ஆணி குத்தினாலும் தெரியாது. புண்ணாகும், அழுகும். விரலை எடுக்கிற நிலைமையில வந்து நிக்கிறவங்களை நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஜெல் குளிருதுங்கிறீங்க, தணல் சுடலைங்கிறீங்க. நான் எதை நம்பி வைத்தியம் பார்க்கிறது?

ஸ்டமாட்: ...அக்கா, கீழ காபி மிஷின் இருக்கு.

கெரானா: இருக்கட்டும்.

ஸ்டமாட்: ஒரு காபி குடிச்சுட்டு வாயேன்.

கெரானா: குடிச்சாச்சு.

ஸ்டமாட்: இன்னொண்ணு...

கெரானா: நெஞ்சு படபடங்கும். நீ சொல்லு. சுட்டுச்சா, இல்லையா?

ஸ்டமாட்: உன் காதுல விழுந்தா, நம்ம பஸ் ஊரைத் தொடுறதுக்குள்ள சேதி ஊர் வம்பு பேசுற பேக்கரியைத் தொட்டுடுமே!

டாக்டர் வெசெலா: ஐயா... மானம் போனா திரும்ப வரும். கால் வராது.

கெரானா: சொல்லுடா.

ஸ்டமாட்: ...சுட்டுச்சு.

டாக்டர் வெசெலா: எவ்வளவு?

ஸ்டமாட்: எவ்வளவா! முதல் அடியிலேயே உசுரு உச்சந்தலைக்கு ஏறிடுச்சு. அடுத்த அடியில புனிதரையே திட்டிட்டேன், அவர் படத்தைக் கையில வச்சுக்கிட்டே. வீட்டுக்குப் போய் தயிர் வாளிக்குள்ள ரெண்டு காலையும் விட்டேன். கொப்புளம் ஆறுற வரைக்கும் சாக்ஸைக் கழட்டாமலே படுத்தேன். பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது.

டாக்டர் வெசெலா: ரொம்ப சந்தோஷம்!

ஸ்டமாட்: என்னது?

டாக்டர் வெசெலா: இந்த வாரம் நான் கேட்ட நல்ல சேதியே இதுதான். போன வருஷம் சுட்டுச்சு, இன்னிக்கும் குளிருது. கால் உசுரோட இருக்கு. இனிமே தணல் பக்கமே போகக்கூடாது. செருப்பில்லாம வாசலைத் தாண்டக்கூடாது. தேனை விக்கலாம், நக்கக்கூடாது.

ஸ்டமாட்: நக்கல. சத்தியமா நக்கல. ஆனா திருநாளுக்கு ஊர்ல என்னன்னு சொல்லுவேன்... சரிக்கா, காதால கேட்டாச்சுல்ல? சிரிச்சுத் தொலை. பேக்கரிக்கு ஃபோன் போடு.

கெரானா: போடல.

ஸ்டமாட்: ஏன்? பஸ் ஏறினதுலேருந்து "சுட்டுச்சா, சுட்டுச்சா"ன்னு குடைஞ்சது இதுக்குத்தானே?

கெரானா: ஒரு வருஷமா நான் சரியாத் தூங்கலடா. நேத்து வந்த உனக்குச் சுடலையாம்... முப்பது வருஷமா எனக்கு மட்டும் ஏன் இந்தச் சூடு சுடுது, புனிதருக்கு நான் என்ன குறை வச்சேன்னு.