பிரம்மநாயகியின் பத்துப் படங்கள்

ஐம்பது வயதைத் தாண்டிய முகத்துக்கு ரூஜ் என்கிற கன்னச் சிவப்பைப் பூசும்போது சிரிக்கச் சொல்லக் கூடாது. இது பலருக்குத் தெரிவதில்லை. சிரித்தால் கன்னத்துச் சதை மேலே ஏறும்; அந்த மேட்டில் பூசிவிடுவார்கள். சிரிப்பு நின்றதும் சதை இறங்கும், சிவப்பும் கூடவே இறங்கி வாயோரத்தில் வந்து நிற்கும். முகமே தொங்கிப்போனதுபோல் இருக்கும். வாயை மூடி நேரே பார்க்கச் சொல்லி, கன்ன எலும்பின் மேல், காதை நோக்கி ஏற்றிப் பூச வேண்டும். இளம் ரோஜா நிறம் போதும். பவுடர் சுருக்கங்களில் போய் உட்கார்ந்துகொள்ளும், களிம்பு நல்லது. பூசி முடித்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். ஏதோ தெரியாமல் செய்துவிட்டார் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். அதற்காகத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நான் அம்பாசமுத்திரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் முப்பத்தொரு வருஷம் டிராயிங் மாஸ்டராக இருந்தவன். ஆண்டுவிழா நாடகங்களுக்கு மேக்கப்பும் என் பொறுப்பு. பத்தாம் வகுப்பு மாணவனைக் கால் மணி நேரத்தில் எழுபது வயதுக் கிழவனாக்கிவிடுவேன். பெற்ற தாயே மேடையில் தன் மகனைத் தேடி விழித்ததுண்டு.

என் தங்கை பிரம்மநாயகி என்னைவிடப் பதினான்கு வயது இளையவள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அப்பா காலமானபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. என் மனைவி அதற்கு முந்திய வருஷமே போய்விட்டாள். ஆகவே வீட்டைப் பார்க்கும் பொறுப்பு தங்கைக்கும், தங்கைக்கு இடம் பார்க்கும் பொறுப்பு எனக்கும் வந்து சேர்ந்தது.

எங்கள் வீட்டில் பெண் பார்க்க யாரும் வருவதில்லை. பஜ்ஜி தின்றுவிட்டு, பெண் வேண்டாம் என்று ஒருவன் எங்கள் வாசலிறங்கிப் போகக் கூடாது என்பது அப்பா வைத்த சட்டம். ஜாதகமும் போட்டோவும் போகும். பிடித்தால் பேச வரலாம். பிடிக்காவிட்டால் ஜாதகம் பொருந்தவில்லை என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடலாம். யாருக்கும் தலைகுனிவு இல்லை.

ஒவ்வொரு படத்துக்கும் நான்தான் அவளுக்கு மேக்கப் போட்டேன். முதல் படம் 1969இல், கறுப்பு வெள்ளை. அதில் ரூஜ் நிழல்போல் விழும். எலும்புக்குக் கீழே ஒரு விரல் இறக்கிப் பூசினால் கன்னத்தில் குழி விழுந்ததுபோல் தெரியும். அன்று அவளுக்கு இருபத்து நான்கு வயது. படத்தில் நாற்பது.

கல்லிடைக்குறிச்சிப் பையன் இன்ஜினியர்தான். ஆனால் அவன் அப்பா ஒரு பந்தியில் மூத்தவர்கள் எழுவதற்கு முன்பே இலையை மடித்துவிட்டு எழுந்ததை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். களக்காட்டுக்காரனுக்கு வாழைத் தோட்டம் ஏராளம். ஆனால் கெஜட்டெட் ஆபீசர்போலப் பச்சை மசியில் கையெழுத்துப் போடுகிறான். நாங்குநேரியிலிருந்து வந்த கடிதத்தின் உறையில் என் பெயரே இல்லை, ‘டிராயிங் மாஸ்டர் அவர்கள்’ என்று மட்டும் இருந்தது. இப்படிப்பட்ட இடங்களை நேராக வேண்டாம் என்று சொன்னால் பகை. அவர்களே வேண்டாம் என்றால் மரியாதையாக முடிந்துவிடும்.

இருபத்திரண்டு வருஷத்தில் ஒன்பது படம் போனது. ஒன்பதும் திரும்பி வந்தன. ஒரே ஒரு தடவை, ஏழாவதோ எட்டாவதோ, பிரம்மநாயகி உறையைப் பிரித்தபடி கேட்டாள்.

“அண்ணாச்சி, நெசமாச் சொல்லுங்க. என் மூஞ்சி அம்புட்டு மோசமாவா இருக்கு?”

“மூஞ்சில என்னட்டி இருக்கு? குணந்தான் முக்கியம்” என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

போன ஐப்பசியில் பத்தாவது இடம் வந்தது. ஆவுடையப்பன், வயது ஐம்பத்தாறு, மனைவியை இழந்தவர், பாபநாசத்தில் மின்வாரிய வேலை. டிரங்க் கால் கேட்டுக் கேட்டு இருபது வருஷமாக இவள் குரல் அவருக்குப் பழக்கம். முகம் பார்த்ததில்லை. அவர் அக்காதான் போட்டோ கேட்டு எழுதியிருந்தாள்.

“நம்ம மும்தாஜ் பேகம் பூசி விடுதேன்னு சொல்லுதா அண்ணாச்சி” என்றாள் பிரம்மநாயகி. மும்தாஜ் பேகம் அடுத்த தெருவில் வீட்டிலேயே பியூட்டி பார்லர் வைத்திருக்கும் பெண்.

“நான் இருக்கும்போது அன்னியக் கை எதுக்கு? இப்பிடி உக்காரு. நல்லாச் சிரி.”

சிரித்தாள். செங்கல் நிறத்தில், வட்டமாக, வாயோரத்துக்கு அருகில் பூசினேன். மேலே பவுடரைத் தாராளமாகப் போட்டேன். வீட்டுக் கண்ணாடி இருட்டறையில் இருந்தது எப்போதும்போல் வசதியாக இருந்தது.

ஸ்டுடியோவில் கருத்தையா காமிராவுக்குப் பின்னாலிருந்து தலையைத் தூக்கினான். “சார்வாள், அக்காவுக்குக் காய்ச்சலா? நாளைக்கு எடுப்பமா?”

“நீரு எடும்வே” என்றேன்.

படம் வந்தது. அறுபத்தெட்டு வயது மதிக்கலாம். அனுப்பிவிட்டுத் திரும்பி வருவதற்காகக் காத்திருந்தேன். படத்துக்குப் பதிலாக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆவுடையப்பனே வந்து நின்றார். கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு பை சாத்துக்குடி.

“போட்டோவப் பாத்தேன் அண்ணாச்சி. பாவம், ரொம்ப முடியாம இருக்காங்க போல. ஆசுபத்திரில காட்டுனீங்களா?”

“எங்க வீட்ல பொண்ண நேர்ல பாக்கிற வழக்கம் கிடையாது.”

“நான் பொண்ணு பாக்க வரலயே. சீக்காளியப் பாக்க வந்திருக்கேன். அதுக்கு எல்லா வீட்லயும் வழக்கம் உண்டும்லா?”

அப்பாவின் சட்டத்தில் இதற்கு இடம் இருந்தது. நான் விலகி நின்றேன்.

பிரம்மநாயகி முகம் கழுவிக்கொண்டு கொல்லையிலிருந்து வந்தாள். அங்கே அவளோடு பேசிக்கொண்டிருந்த மும்தாஜ் பேகமும் பின்னால் வந்தாள். ஆவுடையப்பன் எழுந்தார். “உடம்பு சரியில்லாதவங்க உள்ள படுத்திருக்காங்களா தாயி?”

“இங்கன யாருக்கு உடம்பு சரியில்ல?” என்றாள் பிரம்மநாயகி.

அவருக்குக் குரல் தெரிந்துவிட்டது. சட்டைப்பையிலிருந்து படத்தை எடுத்தார். படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். “அப்ப இது யாரு? உங்க அம்மையா?”

மும்தாஜ் பேகம் படத்தை வாங்கி ஜன்னலருகே கொண்டுபோனாள். “பழைய போட்டோ எதுவும் வச்சிருக்கியளாக்கா?” என்று கேட்டாள். ஒன்பதும் வந்தன. பெஞ்சில் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றின் கன்னத்திலும் விரல் வைத்துப் பார்த்தாள்.

“பத்துலயும் எங்கன பூசக் கூடாதோ, சரியா அங்கனதான் பூசியிருக்கு. நூலளவு பெசகல. இது தெரியாதவுக வேல இல்லக்கா. தொழிலு தெரிஞ்ச கை.”

முப்பத்தொரு வருஷத்தில் என் வேலையை இவ்வளவு சரியாக மதிப்பிட்டவர் யாருமில்லை என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

பிரம்மநாயகி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன்.

“வேண்டாம் அண்ணாச்சி. பேசுனா நீங்க ஜெயிச்சிருவீங்க. எழுதிக் குடுங்க.”

ஆகவே எழுதுகிறேன். 1969 முதல் 1996 வரை பத்துத் தடவை, முழு அறிவோடு, என் தங்கையின் முகத்தை நானே கெடுத்தேன். அவளைப் பிடிக்காமல் யாரும் படத்தைத் திருப்பவில்லை. அவர்கள் அவளைப் பார்க்கவே இல்லை. செய்ததெல்லாம் குடும்ப கௌரவத்துக்காக. இதில் எனக்கென்று ஒரு துளி லாபமும் கிடையாது.

தை மாதம் முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. என்னைக் கேட்டுக் குறிக்கவில்லை. கல்யாணத்தில் மூத்தவனாக என்னை உட்கார வைப்பதா வேண்டாமா என்பதை இதைப் படித்த பிறகுதான் சொல்வாளாம். அது அவள் இஷ்டம். நான் முழு மனதோடு சம்மதிக்கிறேன்.

ஒரே ஒரு விஷயம் இரு வீட்டாரும் யோசிக்க வேண்டும். பாபநாசம் தூரமில்லை. எக்ஸ்சேஞ்சுக்கு எப்படியும் தினம் வர வேண்டியவள், முதல் பஸ்ஸில் ஏறினால் ஏழு மணிக்குள் இங்கே வந்துவிடலாம். காப்பி போட்டு, ஒரு குழம்பும் பொரியலும் வைத்துவிட்டு, வெந்நீரும் போட்டுக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகலாம். கல்யாணமான மறுநாளே அண்ணன் ஓட்டல் சாப்பாடு சாப்பிடுகிறான் என்று ஊர் பேசினால் தலைகுனிவு அவளுக்குத்தான். இதையும் நான் எனக்காகக் கேட்கவில்லை.