நாடு அழியவில்லை என்று ஒரு புகார்

— அதாவது அக்கா, மேலிடத்துல கேக்குறது ஒரே கேள்விதான். அந்த நாடு ஏன் இன்னும் அழியல?

— அதை நான் எப்படித் தம்பி சொல்றது? நான் கம்ப்யூட்டர் ஆட்டத்தை விளையாடிப் பார்த்துக் குறை சொல்ற ஆளு. அமெரிக்கப் பூர்வகுடிகள்ல மோஹாக் நாட்டை எடுத்து ஆயிரத்து நானூத்தம்பதுல ஆரம்பிச்சேன். ஆயிரத்து எண்ணூறுல ஆட்டம் முடிஞ்சுது. நாடு இருந்துச்சு. இருந்துச்சுன்னு எழுதினேன்.

— நீங்க தகவல்னுதான் எழுதினீங்க. அவங்க அதைப் பிழைன்னு மாத்தி, சிவப்புக் குறி போட்டு என் தலையில கட்டிட்டாங்க. வெள்ளிக்கிழமை ஆட்டம் வெளியாகுது, புரியுதா?

— புரியுது. முதல்ல உட்காருங்க.

— எதுல உட்கார்றது? இத்தனை நாற்காலி கிடக்கு. இந்த ரூம்ல நீங்க ஒருத்தர்தானே?

— இருக்கட்டும், வேணும். கையில என்ன கவரு?

— அது அப்புறம்.

— என் பேரு போட்டிருக்கே.

— அப்புறம்னு சொன்னேன்ல அக்கா.

— கம்பெனியை வித்தாச்சுன்னு வாசல்ல நிக்கிற காவல்காரர் வரைக்கும் தெரியும். நானா வேலையை விட்டுட்டதா எழுதிக் கொடுக்கணும், புதுசா வாங்கினவங்க என்னைப் புது ஆளா எடுத்துப்பாங்க, பதினாலு வருஷ சர்வீஸ் காத்துல போகும். அதானே? இருக்கட்டும். உங்க சிவப்புக் குறியை முதல்ல பார்ப்போம்.

— உங்ககிட்ட எதையும் மறைக்க முடியாது. சரி, கடைசியில வர்ற படத்தைப் பார்த்தீங்களா? காலியான காடு, கரையில வெள்ளைக்காரன் கப்பல், அப்புறம் வரிசையா புது வீடுங்க. அமெரிக்கப் பக்கம் எந்த நாட்டை எடுத்து விளையாடினாலும் அதான் முடிவு. உங்க ஆட்டத்துல காட்டுக்குள்ள ஆளுங்க இருக்காங்க, படத்துல இல்ல. பார்க்கிறவன் சிரிக்க மாட்டானா?

— படத்தை மாத்துங்க.

— படம் எடுத்து முடிச்சாச்சு. நாட்டை மாத்துறதுதான் சுலபம். பத்து வருஷத்துக்கு ஒரு தடவை, நீங்க என்ன செஞ்சாலும் ஜனத்துல ஒரு பங்கு குறையுற மாதிரி புரோகிராம்ல எழுதிடுவாங்க. அதாவது, வரலாறு அப்படித்தானே?

— எந்த வரலாறு? மோஹாக் ஜனம் இன்னிக்கும் இருக்கு தம்பி. அவங்க பாஷையைப் புள்ளைங்களுக்குச் சொல்லித் தர்ற வகுப்பைப் போன மாசம் இதே திரையில பார்த்தேன். ஒரு வார்த்தை எனக்கு வாயில நுழையல. டீச்சர் ஒரு பையனை அதட்டினது மட்டும் நல்லாப் புரிஞ்சுது.

— வேலை நேரத்துல வகுப்பு வேறயா? சரி, எப்படித்தான் தாக்குப் பிடிச்சீங்க? கோட்டை கட்டினீங்களா, துப்பாக்கி வாங்கினீங்களா? மத்தவங்க விளையாடினப்ப கப்பல் வந்து அம்பது வருஷத்துல எல்லாம் காலி.

— அவங்க கடலையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தாங்க. நான் கடல் பக்கமே திரும்பல. அக்கம்பக்கத்துல நாலு நாடு இருக்கு. ஓனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனெகா. ஆட்டம் ஆரம்பிக்கிறப்ப நாலுக்கும் என்னைக் கண்டா ஆகாது, அதுங்களுக்குள்ளயும் ஆகாது. மான் வேட்டையில தகராறு, எல்லையில தகராறு. நூறு வருஷம் நான் அதைத் தீர்த்து வச்சிட்டுத்தான் இருந்தேன்.

— நூறு வருஷமா?

— ஆட்டத்துல நூறு. இங்க மூணு வாரம். சோளம் கொடுத்தேன், தூது அனுப்பினேன். என் ஆளுங்களை அவங்க அடிச்சப்ப ரெண்டு தடவை கண்டுக்காம விட்டேன். கௌரவப் புள்ளி மளமளன்னு குறைஞ்சுது. குறையட்டும்னு விட்டுட்டேன்.

— அப்புறம் கப்பல் வந்துது.

— வந்துது. எடுத்த எடுப்புல சண்டைக்கு வரல. ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியா ஒரு ஒப்பந்தத்தை நீட்டினான். உனக்கு மட்டும்தான் இந்தச் சலுகை, பக்கத்து நாட்டுக்குத் தெரிய வேணாம்னு. மத்தவங்க ஆட்டத்துல ஒரு நாடு கையெழுத்துப் போடும், அதைப் பார்த்துப் பயந்து அடுத்தது போடும். என் ஆட்டத்துல ஒருத்தரும் தனியாப் போடல. அஞ்சு பேரும் கூடுற இடம் ஒண்ணு இருக்கு, அங்க வந்து பேசுன்னு அனுப்பிட்டாங்க.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான். ஜெயிச்சேன்னு சொல்ல மாட்டேன். நிலம் கொஞ்சம் போச்சு, நோய்ல ஜனம் நிறையப் போச்சு. அன்னிக்கு எனக்குச் சாப்பாடு இறங்கல. ஆனா கடைசித் தேதியில நாங்க இருந்தோம்.

— நாங்கன்னே சொல்றீங்க. ரொம்ப ஊறிட்டீங்க அக்கா. ஆனா சீட்டுல மட்டும் இருக்கிறதே இல்ல. கதவு கார்டு பதிவை எடுத்துப் பார்த்தேன். ஒரு நாள் படம் வரையுற ரூம், ஒரு நாள் சத்தம் சேர்க்கிற ரூம், மறுநாள் வரைபடம் போடுறவங்க, அப்புறம் வசனம் எழுதுறவங்க.

— பிழை சொல்லப் போவேன். இந்தப் பார்க்கிங் மூலைக்கு யாரு இறங்கி வருவா? மூணாவது மாடியில இருந்தவளை முதல் மாடிக்கு மாத்தினீங்க. அப்புறம் தண்ணி மோட்டார் பக்கத்துல கொண்டுவந்து போட்டீங்க. போன இடத்துல ரெண்டு வார்த்தை பேசிட்டு வர்றது ஒரு குத்தமா?

— குத்தம்னு யாரு சொன்னா? ஏசி குளிரு ஜாஸ்தின்னு படக்காரங்களும் சத்தக்காரங்களும் ஒரு வருஷம் மூஞ்சியத் திருப்பிட்டுத் திரிஞ்சாங்க. இப்ப ஒரே மேஜையில சாப்பிடுறாங்க. அதுவும் பிழை சொல்லப் போனதுதானா?

— பசிச்சா சாப்பிட வேண்டியதுதானே. அந்தக் கவரைக் கொடுங்க.

— கோவிச்சுக்காதீங்க அக்கா. எனக்கு இந்த வேலையைக் கத்துக் கொடுத்ததே நீங்க. இதை உங்ககிட்ட நீட்டுறப்ப எனக்கே கூசுது. நாலு மணிக்குள்ள எல்லார் கையெழுத்தும் வேணும்னு உத்தரவு. உங்களுக்கு மட்டும் ஒரு வருஷம் வேலை உறுதின்னு பேசி வாங்கியிருக்கேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.

— எனக்கு மட்டும்.

— உங்களுக்கு மட்டும்.

— மேல நாலு ரூமுக்கும் போயிட்டுத்தானே வர்றீங்க? அங்கயும் இதையேதான் சொன்னீங்களா?

— தனித்தனியாப் பேசுறதுதான் முறை அக்கா.

— யாராவது போட்டாங்களா?

— அதாவது... இல்ல. காலையில ஒன்பது மணியிலிருந்து மாடி மாடியா ஏறி இறங்குறேன். ஒருத்தரும் சத்தம் போடல, டீ கூடக் கொடுத்தாங்க. ஆனா நாலு ரூம்லயும் ஒரே பதில். நீங்க முன்னாடி போய் அக்கா ரூம்ல உட்காருங்க சார், நாங்க எல்லாரும் அங்க இறங்கி வர்றோம்னு.