வலது தோளுக்கு ஒரு கட்டை

எனக்கு டீயில் இரண்டு சர்க்கரைக் கட்டி போதும், சார்ஜன்ட் ஐயா. நிதானமாகவே சொல்கிறேன். முப்பது வருடமாகக் கௌதாரியைக் குறிபார்த்து ஒன்றைக்கூட உருப்படியாக வீழ்த்தாதவனுக்கு என்ன அவசரம்?

அதுவும் என் தப்பல்ல, துப்பாக்கியின் தப்பு. அப்பாவுக்கு இடது கைப் பழக்கம். அந்த இரட்டைக்குழல் துப்பாக்கியில் தோளோடு அணைத்துப் பிடிக்கும் வால்நட் மரக் கட்டையை அவருடைய இடது தோளுக்கு வாகாக ஒரு விரல் அளவு சாய்த்துச் செய்திருந்தார்கள். வலது தோளில் வைத்துச் சுட்டால் கன்னத்தில் அறையும். நான் மூத்தவன், வலது கைக்காரன். தம்பி நெஜாத்தி இடது கை. அப்பா போனபோது துப்பாக்கி யாருக்குப் போனது என்று சொல்ல வேண்டுமா? எனக்குக் கழுதை கிடைத்தது. அதுவும் தம்பி சொன்னால்தான் நகரும்.

அவன் நல்லவன். அதை எழுதிக்கொள்ளுங்கள். வேட்டைக்குப் போகும்போதெல்லாம் ஒன்றிரண்டு தடவை எனக்கும் துப்பாக்கியைக் கொடுப்பான். அன்றைக்கும் கொடுத்தான். பத்துக் கௌதாரி ஒன்றாகக் கிளம்பியது, நான் வானத்தைச் சுட்டேன்.

“அண்ணே, நீ சுட்டா அதுங்களுக்கு ஆயுசு கூடுதுண்ணே! உன்னைப் பார்த்தா பறக்கக்கூட மாட்டேங்குது, நடந்தே போகுது.”

நானும் சிரித்தேன். டீக்கடையில் முப்பது வருடமாகச் சிரித்துப் பழகிய சிரிப்பு. ஆனால் அவன் கிட்டே வந்து என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். “ரொம்ப வலிக்குதாண்ணே?” என்றான். கேலியைத் தாங்கிக்கொள்ளலாம் ஐயா. இதை என்ன செய்வது?

ஆத்திரத்தில் கண்மண் தெரியவில்லை என்று எழுதுவீர்கள். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்களாமே. நான் முதலில் துப்பாக்கியைத் திறந்து, மிச்சமிருந்த தோட்டாவை எடுத்துப் பையில் போட்டேன். தோட்டாவோடு குழலைப் பிடித்து வீசினால் யாருக்காவது பட்டுவிடும். தம்பி குனிந்து, அடித்த கௌதாரிகளைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தான். குழலைப் பிடித்து அவன் முதுகில் ஒரே வீச்சு. வாழ்க்கையில் முதல்முறையாகக் குறி தப்பவில்லை. கட்டை இரண்டாக முறிந்தது, தம்பி பள்ளத்தில் உருண்டான்.

உடனே இறங்கிப் போனேன். அண்ணன் அல்லவா? அவனுக்கு நினைவு இருந்தது, கால்தான் அசையவில்லை. “அண்ணே, தண்ணி” என்றான். அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் கட்டையின் முறிந்த பாதி கிடந்தது. பழைய கட்டை இல்லாமல் புதுசு செய்வது கஷ்டம், மாதிரி வேண்டும். எடுத்துத் துடைத்துத் துண்டில் சுற்றிக்கொண்டேன். “இருடா, வந்துடறேன்” என்றேன். தண்ணீர்க் குடுவை மேலே கழுதை மேல் இருந்தது. மேலே ஏறியதும் மூச்சு வாங்கியது. அப்படியே வீட்டுக்குப் போய்விட்டேன்.

பறவையைத் துரத்திக்கொண்டு எங்கேயோ போய்விட்டான் என்று ஊரில் சொன்னேன். ஊரே லாந்தரோடு தேடியது. என் குரல்தான் எல்லாரையும் விட ஓங்கிக் கேட்டதாம். அவன் கிடந்தது தெற்குப் பள்ளம், நான் கத்தியது வடக்குச் சரிவு.

விடிந்ததும் துப்பாக்கிக் கட்டை செய்யும் தச்சர் துர்முஷ் உஸ்தாவின் பட்டறைக்குப் போனேன். அவரும் தேடிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார், பூட்ஸில் சேறு காயவில்லை. பாறையில் விழுந்து உடைந்தது என்றேன். கருப்பு ரேகை ஓடிய நல்ல வால்நட் பலகையைக் காட்டினார்.

“பழசு மாதிரியே இழைச்சுடறேன் வெய்செல். நெஜாத்தி வந்ததும் கையில குடு, சந்தோஷப்படுவான்.”

எந்த மடையனும் தலையாட்டியிருப்பான். “வலது தோளுக்கு அளவெடுங்க உஸ்தா” என்றேன் நான்.

அளவு நாடா நின்றது. “அப்புறம் உன் தம்பி எப்படிடா சுடுவான்?”

“அவனுக்கு இனிமே எதுக்கு?”

அவர் நாடாவை என் வலது தோளில் வைத்தார். நான் மாப்பிள்ளைக் கோட்டுக்கு நிற்பவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். தோள்பக்கம் இன்னும் கொஞ்சம் இறக்கம் வேண்டும் என்றுகூடச் சொன்னேன். பத்து நாள் பயந்து பயந்து யோசித்து, கட்டையை முடித்து என் கையில் கொடுத்த பிறகுதான் உங்களிடம் வந்தாராம் மனுஷன்.

புதுக் கட்டையை மாட்டி நேற்று முதல் தடவை சுட்டேன். கௌதாரி சாவகாசமாகப் பறந்து போனது. அளவெடுக்கும்போது உஸ்தாவின் கை நடுங்கியது, நான் கவனித்தேன். அதனால்தான்.

தம்பி மறுநாள் மதியம் வரை உயிரோடு இருந்தான் என்று டாக்டர் எழுதியிருக்கிறாராம். அப்படியானால் நான் பட்டறையில் நின்றபோது இருந்திருக்கிறான். சரி, நான்தான் கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் வருகிறேன் என்று சொன்னது பொய்யில்லை ஐயா, அளவு மட்டும் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் இருந்தேன்.

துப்பாக்கியை இங்கேதான் பூட்டி வைப்பீர்களா? வாரம் ஒரு தடவை கட்டைக்கு எண்ணெய் தடவச் சொல்லுங்கள். வால்நட் தாகத்தைத் தாங்காது. யாரும் கவனிக்காமல் விட்டால் வெடித்துப் போகும், பாவம்.