கையெழுத்திட மறுத்த கணித ஆசிரியைக்கு

எண்களைக் கண்டு எழுந்தோடிய பிள்ளைகளை எதிரே உட்கார வைத்து ஏன் என்று கேட்டவரே! கரும்பலகையின் கடைசி மூலை வரை கணக்கு நிறைந்தாலும் கடைசி வரிசைப் பிள்ளையின் கலங்கிய முகத்தைக் காணத் தவறாதவரே! முப்பத்து நான்கு ஆண்டுகள் முதல் மணிக்கு முன்னே வந்து, இறுதி மணிக்குப் பின்னே சென்ற எங்கள் கணித ஆசிரியை அம்மையீர்! வணக்கம்.

இன்று பிற்பகல் மேடையில் வாசித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுத் தங்கள் கையில் கொடுத்த மடலும் எங்கள் தமிழாசிரியர் எழுதியதுதான். இந்தப் பள்ளியில் யார் ஓய்வு பெற்றாலும் மடல் எழுதுவது அவர் பொறுப்பு. இதுவரை பதினெட்டு எழுதியிருக்கிறார். 'தன்னலமற்ற தகைமையே', 'பண்பு நிறைந்த பெட்டகமே' என்பவை அவரிடம் எப்போதும் கைவசம் இருக்கும்; ஆளுக்குத் தகுந்தபடி பாடத்தின் பெயரை மட்டும் மாற்றுவார். மேடையில் படித்ததில் பொய் எதுவும் இல்லை, சொல்ல வேண்டியதும் எதுவும் இல்லை. ஆகவேதான் தலைமை ஆசிரியரும் விருந்தினர்களும் கிளம்பிய பிறகு, ஆசிரியர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இந்த இரண்டாவது மடலை வாசிக்கிறோம். எங்கள் துணிச்சலின் நீள அகலம் தங்களுக்குத் தெரியாததல்ல.

பள்ளியின் பெருமையை முதலில் சொல்வதுதான் முறை. சுற்றியிருக்கும் தெருக்களுக்கு இந்த அரசுப் பள்ளி கொடுத்தது கொஞ்சமா? பேருந்து ஓட்டுநரின் மகள் இன்று எலும்பு மருத்துவர். சலவைக்கடைக்காரரின் மூன்று பிள்ளைகளும் பொறியாளர்கள். கட்டணமின்றி இப்படி ஒரு படிப்புக் கிடைக்கும் என்பதற்காகவே, விசாலமான வீட்டை விட்டு ஒற்றை அறையில் நெருக்கியடித்துக்கொண்டு நம் வாசலுக்குப் பக்கத்தில் குடிவந்த குடும்பங்கள் எத்தனை! இங்கே இடம் கிடைத்துவிட்டால் பிள்ளை கரையேறியது போலத்தான் என்று அந்தப் பெற்றோர் நிம்மதியாகத் தூங்குவார்கள். வாசல் பலகையில் 'பத்தாம் வகுப்பு, நூற்றுக்கு நூறு தேர்ச்சி' என்று ஆண்டுதோறும் புது வண்ணம் தீட்டி அந்தத் தூக்கத்தை நாம் காப்பாற்றி வந்தோம்.

அந்த நூறு எப்படி வந்தது என்பது இந்த அறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஒன்பதாம் வகுப்பு முடியும் தறுவாயில், பொதுத்தேர்வில் தவறிவிடுவார்கள் என்று தோன்றும் பிள்ளைகளின் பெயர்களை வகுப்பாசிரியர் பட்டியலிட்டுக் கையெழுத்திட வேண்டும். அவர்களின் பெற்றோரைத் தலைமை ஆசிரியர் அழைப்பார். நாற்காலி போட்டு உட்கார வைத்து, உங்கள் பிள்ளைக்கு வேறு பள்ளிதான் ஒத்துவரும் என்று இதமாக எடுத்துச் சொல்வார். சொந்த விருப்பத்தின் பேரில் மாற்றுச் சான்றிதழ் கேட்பதாக அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டு, போகும்போது நன்றியும் சொல்லிவிட்டுப் போவார்கள். தலைமை ஆசிரியர்கள் மாறினார்கள், இந்த வழக்கம் மாறவில்லை. தாங்களும் பதினோரு ஆண்டுகள் கையெழுத்திட்டீர்கள். அதை மறைத்துத் தங்களைப் புகழ்ந்தால் தங்களுக்கே பிடிக்காது.

பிறகு, பள்ளிக்கு எதிரே கடை வைத்திருக்கும் தையற்காரரின் மகள் தங்கள் பட்டியலில் வந்தாள். நம் பிள்ளைகளில் பாதிப் பேரின் சீருடை அவர் தைத்தது. அன்று தலைமை ஆசிரியர் விடுப்பில் இருந்ததால் தையற்காரரிடம் பேசும் வேலை தங்கள் தலையில் விழுந்தது. மனிதர் சண்டை போடவில்லை, கெஞ்சவும் இல்லை. கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

"நீங்க நல்லதுக்குத்தான் சொல்லுவீங்க டீச்சர். அந்தப் பள்ளிக்கூடத்துல யூனிஃபார்ம் என்ன கலரு? இப்பவே தைச்சு வெச்சுடறேன்."

தங்களுக்குத் தெரியவில்லை. பதினோரு ஆண்டுகளாகப் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருந்த பள்ளியின் சீருடை என்ன நிறம் என்று தெரியவில்லையே என்று, அன்று மாலை இதே அறையில் சொல்லிச் சொல்லி அழுதீர்கள். டீச்சருக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று எங்களில் ஒருவர் கேலி செய்தார். யார் என்று இப்போது கிளற வேண்டாம், அவரும் இங்கேதான் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பெண் இரண்டு பேருந்து மாறிப் போய்ப் படித்துப் பார்த்தாள், பாதி ஆண்டில் நின்றுவிட்டாள். இப்போது அப்பாவின் கடையில் உட்கார்ந்து நம் பிள்ளைகளின் சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கிறாள். அந்தப் பக்கத்து நடைபாதையில் தாங்கள் கால் வைத்துப் பத்து ஆண்டுகள் ஆகின்றன என்பதை நாங்கள் கவனிக்காமல் இல்லை.

மறு ஆண்டு தங்கள் வகுப்பில் மூன்று பேர் தேற மாட்டார்கள் என்று தெரிந்தது. வெற்றுப் படிவத்தைத் தலைமை ஆசிரியர் மேசையில் தாங்கள் திருப்பி வைத்தீர்கள். மூன்று பேருக்காக இருநூறு பேரின் பெயரைக் கெடுக்கலாமா என்று அவர் கேட்டார். இவ்வளவு காலம் போட்டவருக்கு இன்று மட்டும் என்ன வந்தது என்றும் கேட்டார். கதவுக்கு வெளியே நின்று ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் காதில் தங்கள் பதில் தெளிவாக விழுந்தது.

"இவ்வளவு நாள் போட்டது தப்பு சார். இனிமே நான் போட மாட்டேன்."

அவர்கள் பத்தாம் வகுப்புப் படித்த ஆண்டு முழுவதும் காலை ஏழு மணிக்கே ஆய்வுக்கூடத்தைத் திறந்து அந்த மூவரையும் உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். இரண்டு பேர் தேறினார்கள். மருத்துவமனைச் செவிலியின் மகள், தங்கள் பாடத்திலேயே நான்கு மதிப்பெண்ணில் தவறினாள். நூறு, தொண்ணூற்றொன்பதரை ஆனது. பலகை எழுதுபவர் வந்து பழைய வரியை அழித்துவிட்டுப் போனார். ஒற்றை அறைகளுக்குக் குடிவந்த அதே பெற்றோர், இந்த ஆசிரியையைப் பத்தாம் வகுப்புக்கு விடக் கூடாது என்று மனுக் கொடுத்தார்கள். தங்களை ஆறாம் வகுப்புக்கு இறக்கினார்கள். மறுதேர்வில் செவிலியின் மகள் தேறினாள். அது எந்தப் பலகையிலும் ஏறவில்லை.

பெற்றோரைச் சொல்லி என்ன பயன்? நாங்கள் மட்டும் என்ன செய்தோம்? ஓராண்டு தங்களோடு பேசவில்லை. தேநீர் வந்தால் தங்கள் பக்கம் குவளை போகாமல் பார்த்துக்கொண்டோம். தங்கள் நாற்காலியைக் கோப்பு அலமாரிக்குப் பின்னால் நகர்த்தினோம். தாங்கள் விடைத்தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து திருத்தினீர்கள். தாங்கள் செய்தது சரி என்று எங்களுக்கு அப்போதே தெரியும். தெரிந்ததால்தான் அத்தனை கோபம். அதற்காக இன்று வெட்கப்படுகிறோம், மன்னிப்புக் கேட்கிறோம்.

போன வாரம், நினைவுப் பரிசாக என்ன வேண்டும் என்று தங்களைக் கேட்டோம்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். இந்த வருஷம் லிஸ்ட்ல எத்தனை பேருன்னு மட்டும் சொல்லுங்க" என்றீர்கள்.

ஆளுக்கொரு பதிவேட்டைப் புரட்டிக்கொண்டு, மணி அடித்ததும் நழுவினோம்.

அம்மையீர்! ஏறி இறங்கித் தேய்ந்த தங்கள் முழங்கால்கள் இனி ஏறப் படிகளே இல்லாதிருக்கட்டும். சுண்ணத்தூள் படிந்த நெஞ்சில் நல்ல காற்று நிறையட்டும். திருத்த வேண்டிய விடைத்தாள் ஒன்றும் இல்லாத காலைகள் நூறு வயது வரை தங்களுக்கு விடியட்டும். வாழ்த்தும் தகுதி எங்களுக்கு உண்டா என்று தெரியவில்லை. ஆனாலும் மனதார வாழ்த்துகிறோம்.

தாங்கள் கேட்டதற்கு விடை, ஒன்பது பேர். பட்டியல் நேற்று மாலை தலைமை ஆசிரியர் அறைக்குப் போய்விட்டது. எந்தப் பெயருக்கு எதிரிலும் கையெழுத்து விடுபடவில்லை. ஒன்பதில் நால்வர் தமிழாசிரியரின் வகுப்புப் பிள்ளைகள். அந்த நால்வருக்கும் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகுதான் அவர் இந்த மடலை எழுத உட்கார்ந்தார்.

இப்படிக்கு,
தங்களோடு பணியாற்றிய
ஆசிரியர்களும் அலுவலர்களும்,
நாற்பத்திரண்டு பேர்.